வில்லையில் கண்டதை வரையுங்கள்: உயிரியல் மாணவர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரி முதலாண்டு உயிரியல் வகுப்பிலிருந்து வந்திருக்கின்றன. அறிவியல் பட்டப் படிப்பு மாணவர்கள் ஒரு பக்கம். செவிலியம், இயன்முறை மருத்துவம், ஆய்வக நுட்பம், கதிரியக்க நுட்பம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளில் சேர்ந்தவர்கள் மறுபக்கம். இந்த இரு சாராரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து 32 ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். கடிதங்களைப் பிரிக்கும்போது அந்தக் கூடத்தின் நுண்ணோக்கிகள் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன. முடிந்தவரை எல்லோருக்கும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எக்ஸ்ரே, ஸ்கேன் கருவிகளை இயக்கும் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவம் முழுக்க செல், செல் பிரிதல், டி.என்.ஏ. என்றே போகிறது. படம் எடுக்கப் போகிறவனுக்கு இதெல்லாம் எதற்கு, அம்மா?
— கதிரியக்கத் தொழில்நுட்ப மாணவர்

தம்பி, உங்கள் கையில் தரப்போகும் கருவி உடலில் எதைத் தொடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ராண்ட்ஜன் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8ஆம் தேதி. அந்த ஆண்டு முடிவதற்குள் தம் மனைவியின் கையைப் படம் எடுத்து, எலும்பையும் மோதிரத்தையும் அதில் பதியவைத்துவிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கருவியோடு வேலை செய்தவர்கள் பலருக்குக் கை தோல் சிவந்து புண்ணாயிற்று. சிலருக்கு அது புற்றுநோயாக முற்றியது. ஆனால் உடலின் எல்லாப் பகுதியும் ஒரே அளவுக்குக் கெடவில்லை. ஏன் என்ற கேள்விக்கு 1906இல் பெர்கோனியே, ட்ரிபோண்டோ என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விடை தேடினார்கள். எலியின் விதைப்பையில் கதிரைச் செலுத்திப் பார்த்தபோது, இடைவிடாமல் பிரிந்துகொண்டிருந்த செல்கள் அழிந்தன. அவற்றின் பக்கத்திலேயே பிரியாமல் இருந்த செல்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

அந்த ஒரு கவனிப்பு உங்கள் தொழிலின் அடித்தளம். கதிர் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. ஓய்வில் இருக்கும் செல்லுக்கு அதைச் சரிசெய்ய நேரம் இருக்கிறது. பிரியப்போகும் செல், அறுந்த இழையோடு பிரிவுக்குள் நுழைந்துவிடுகிறது. இனி உங்கள் பாடப்புத்தகத்தில் ‘செல் சுழற்சி’ வட்டத்தைப் பாருங்கள். ஜி1 (வளர்ச்சி), எஸ் (டி.என்.ஏ. இரட்டித்தல்), ஜி2 (பிரிவுக்கு ஆயத்தம்), எம் (பிரிவு) என்று நான்கு துண்டுகள் இருக்கும். செல் கதிருக்கு மிக எளிதில் பலியாவது ஜி2இன் கடைசியிலும் எம் கட்டத்திலும்தான். எஸ் கட்டத்தின் பிற்பகுதியில் ஓரளவு தாக்குப் பிடிக்கிறது. உங்களுக்கு அந்த வட்டம் ஓர் ஆபத்து வரைபடம். சிவப்புப் பென்சிலை எடுத்து அதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு, உடலில் எங்கே செல்கள் ஓயாமல் பிரிகின்றன என்று கேளுங்கள். எலும்பு மஜ்ஜையில்: அங்கே நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் உருவாகின்றன. குடலின் உள்வரிச் சவ்வில்: சில நாட்களுக்கு ஒரு முறை அது முழுவதும் புதிதாகிவிடுகிறது. முடியின் வேர்க்காலில், கருவிலிருக்கும் குழந்தையின் உடல் முழுவதிலும். கதிர் மருத்துவம் பெறுபவருக்கு, கதிர் தலையில் பட்டால் முடி உதிர்வதும் வயிற்றில் பட்டால் வயிற்றுப்போக்கு வருவதும் இதனால்தான். படம் எடுக்கும் முன் ஒரு பெண்ணிடம் கருவுற்றிருக்கிறாரா என்று கேட்கச் சொல்லித் தருவார்களே, அதன் காரணமும் இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. காரணம் அறிந்தவர் அந்தக் கேள்வியை நின்று, முகம் பார்த்துக் கேட்பார். படிவத்தை நிரப்புகிறவர் தலை நிமிராமல் கேட்பார். இரண்டு வகையினரையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விதிவிலக்கையும் சேர்த்துப் படித்துவிடுங்கள்: லிம்போசைட் என்ற வெள்ளையணு. பெரும்பாலும் பிரியாமல் சும்மா சுற்றிவரும் அது, கதிருக்கு மிக விரைவில் மடிகிறது. ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ‘செல்லின் தன் அழிவு’ என்ற பாடத்துக்கு அவரே உங்களைக் கூட்டிப்போவார்.

கேள்வி: பள்ளியில் எல்லாம் தமிழில் படித்தேன். இங்கே ஒரு பக்கத்துக்கு இருபது புதுச் சொற்கள். அகராதியோடு உட்கார்ந்தாலும் பாடம் நகரவில்லை. என்ன செய்வது?
— இயன்முறை மருத்துவ முதலாண்டு மாணவி

அம்மா, அந்தச் சொற்கள் ஆங்கிலம் படித்து வந்தவர்களுக்கும் அந்நியம்தான். பாதிக்கு மேல் கிரேக்கமும் லத்தீனும். அவற்றை முழுசாக விழுங்காமல் உடைத்துப் பாருங்கள். ‘எரித்ரோ’ என்றால் சிவப்பு, ‘லூக்கோ’ என்றால் வெள்ளை, ‘சைட்’ என்றால் செல். ‘ஹைப்பர்’ மிகை, ‘ஹைப்போ’ குறை. ‘ஐட்டிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி எடுத்தல். இப்படி அறுபது, எழுபது துண்டுகள் கையில் இருந்தால் புதிய சொல் ஒன்றைப் பார்த்ததும் பாதிப் பொருள் பிடிபட்டுவிடும்.

தமிழில் படித்து வந்ததைக் குறையாக எண்ணாதீர்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருவது ‘சிறுநீர்நாளம்’, பையிலிருந்து வெளியே போவது ‘சிறுநீர்ப் புறவழி’ என்று படித்த பெண் அந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டாள். யுரீட்டர், யுரெத்ரா என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் கடைசி ஆண்டிலும் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். அதனால் முதல் ஆறு மாதம் குறிப்பேட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘இலியம்’ என்று தமிழில் எழுதினால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதியாகவும் இருக்கலாம், இடுப்பெலும்பின் மேல்பகுதியாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒலியில் அதுவும் இல்லை. நீங்கள் இயன்முறை மருத்துவம் படிக்கிறீர்கள், உங்கள் கை நாள்தோறும் தொடப்போவது எலும்பை. இப்படிப்பட்ட சொற்களுக்கு மட்டும் ‘குடல் இலியம்’, ‘எலும்பு இலியம்’ என்று முன்னொட்டு போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூன்று முறை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் பக்கம் வெறுமையாக இருக்கிறது. எனக்கு ஞாபக சக்தி குறைவோ என்று பயமாக இருக்கிறது.
— செவிலியர் பட்டப் படிப்பு மாணவி

உங்கள் ஞாபகத்தில் குறை இல்லை. நீங்கள் மூன்று முறை படித்திருக்கிறீர்கள். ஒருமுறைகூட நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் இதைச் சோதித்தார்கள். ஒரு சாராரை ஒரே பாடத்தை நான்கு முறை படிக்கவைத்தார்கள். இன்னொரு சாராரை ஒரு முறை மட்டும் படிக்கவிட்டு, மூன்று முறை பாடத்தைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதவைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். படிக்கும்போது ‘புரிகிறது’ என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிடத்துக்கானது. தேர்வும் வார்டும் அதற்கு வெகுநாள் கழித்து வருபவை.

என் வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் ஒரு வெற்றுத்தாள் தருவேன். பல ஆண்டுகள் கேட்ட ஒரே கேள்வி இது: ‘ஒரு சிவப்பணு இடது கால் கட்டைவிரலின் சிரையில் இருக்கிறது. அதை அதே கட்டைவிரலின் தமனிக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள்.’ கேட்பதற்குச் சிறுபிள்ளைக் கேள்வி. முதல் முறை பாதிப் பேர் நேரே காலிலிருந்து இதயம், இதயத்திலிருந்து கால் என்று இரண்டு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். நுரையீரலை மறந்துவிடுவார்கள்.

நீங்களும் புத்தகத்தை மூடிவிட்டு அந்தச் சிவப்பணுவோடு நடந்து பாருங்கள். கால் சிரைகளில் ஏறும்போது கீழே விழுந்துவிடாமல் அதைத் தாங்குவது எது? சிரைக்குள் இருக்கும் வால்வுகளும், நடக்கும்போது இறுகும் கெண்டைத் தசையும். கீழ்ப் பெருஞ்சிரை வழியாக வலது மேலறை. மூவிதழ் வால்வைத் தாண்டி வலது கீழறை. அங்கிருந்து நுரையீரல் தமனி. இங்கே நில்லுங்கள். ‘தமனி’ என்றதும் நல்ல ரத்தம் என்று எழுதிவிடாதீர்கள். இதயத்தை விட்டு வெளியே போவதால்தான் அதற்குத் தமனி என்று பெயர், உள்ளே ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். நுரையீரல் தந்துகியில், அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் மிக நுண்ணிய குழாயில், சிவப்பணு நெருக்கியடித்துக்கொண்டு நுழைகிறது. சிவப்பணுவின் அகலம் ஏறக்குறைய ஏழரை மைக்ரோமீட்டர். பல தந்துகிகள் அதைவிடக் குறுகலானவை. வளைந்து, மடிந்துதான் போக முடியும். ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரை, இடது மேலறை, ஈரிதழ் வால்வு, இடது கீழறை, பெருந்தமனி. பிறகு இறக்கம்.

எங்கே கை நிற்கிறதோ, அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் திறந்து பாருங்கள். மறுநாள் மறுபடி வெற்றுத்தாள். ஆறாவது நாள் நீங்களாகவே நோயைப் பற்றிக் கேட்க ஆரம்பிப்பீர்கள். ஈரிதழ் வால்வு சரியாக மூடாவிட்டால் ரத்தம் எங்கே தேங்கும்? வந்த வழியில் ஒரு படி பின்னால் போங்கள்: இடது மேலறை, நுரையீரல் சிரை, நுரையீரல். அந்த நோயாளிக்குப் படுத்தால் மூச்சுத் திணறுவதும், தலையணையை உயர்த்தி வைத்தால் சற்று ஆறுதல் கிடைப்பதும் அந்தத் தாளிலிருந்தே புரியும். வலது கீழறை சோர்ந்தால் எங்கே தேங்கும்? நீங்களே போய்ப் பாருங்கள். கணுக்கால் வீக்கத்தில் வந்து நிற்பீர்கள்.

இந்தப் பாதை முழுசாகக் கிடைக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் சொல்ல ஆசை. வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் 1628இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று நூல் எழுதினார். அவருடைய பலம் ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்புக்கு இவ்வளவு, அரை மணிக்கு இத்தனை துடிப்பு என்று பெருக்கினால், உடலில் உள்ள மொத்த ரத்தத்தைவிட அதிகமாக வருகிறது. அத்தனையையும் உணவிலிருந்து உடல் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்க முடியாது, எனவே அதே ரத்தம்தான் திரும்பி வருகிறது. இன்றைய எண்களில் நீங்களும் போட்டுப் பாருங்கள்: துடிப்புக்கு 70 மில்லி லிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு. ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாவுகிறது என்பதை அவரால் காட்ட முடியவில்லை. 1657இல் இறந்துவிட்டார். 1661இல் மால்பீகி என்ற இத்தாலிய மருத்துவர் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார். கண்ணால் காணாத ஓர் இணைப்பு இருந்தே தீர வேண்டும் என்று கணக்கை நம்பிச் சொன்ன ஹார்வியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

கேள்வி: என் மகளுக்கு உயிரியல் பிடிக்கும், வேதியியல் பிடிக்காது. துணை மருத்துவப் படிப்பில் வேதியியலைத் தவிர்த்துவிட முடியுமா?
— ஒரு தந்தை

முடியாது ஐயா, தவிர்க்கவும் வேண்டாம். அவருக்குத் தேவைப்படும் வேதியியல் அளவில் சிறியது: செறிவு, அமிலத்தன்மை, சவ்வின் ஊடே நீர் போகும் திசை, எந்த மூலக்கூறு நீரில் கரையும், எது கொழுப்பில் கரையும். இவற்றைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் முதல் இரண்டு பருவங்களைக் கடந்துவிடலாம்.

வகுப்பில் மூன்று சோதனைக்குழாய்கள் வைப்பேன். ஒன்றில் 0.9 சதவீத உப்புநீர், ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் 3 சதவீத உப்புநீர். மூன்றிலும் இரண்டிரண்டு சொட்டு ரத்தம். பிறகு ஒரு செய்தித்தாள் துண்டைக் குழாய்களின் பின்னால் பிடிக்கச் சொல்வேன். முதல் குழாய் கலங்கல், எழுத்து தெரியாது. காய்ச்சி வடித்த நீர் உள்ள குழாயில் நிறம் சிவப்பாகவே இருக்கும், ஆனால் அதன் ஊடே அச்செழுத்தை வாசிக்கலாம். செல்கள் நீரைக் குடித்து உப்பி வெடித்துவிட்டன. ஒளியைத் தடுக்க முழுச் செல் எதுவும் மிஞ்சவில்லை. மூன்றாவது மீண்டும் கலங்கல். அதிலிருந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால் செல்கள் சுருங்கி, ஓரமெல்லாம் முள் முள்ளாக இருக்கும். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற எண்ணை மனப்பாடம் செய்த பெண் அதை மறந்துபோகலாம். அந்தச் செய்தித்தாளை வாசித்த பெண், வெறும் நீரைச் சிரை வழியாக ஏற்றினால் என்ன ஆகும் என்பதை ஒருநாளும் மறக்கமாட்டாள். மகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவருக்குப் பிடிக்காதது வேதியியலா, அது கற்பிக்கப்பட்ட விதமா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பாக்டீரியாவை ஊதா, சிவப்பு என்று இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றல் செய்தால் எனக்கு எல்லாமே சிவப்பாக வருகிறது. ஊதாவாக வர வேண்டிய ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும் சிவப்பு. நான்கு வாரமாக இதே கதை. சாயம் பழையதா?
— ஆய்வக நுட்ப மாணவர்

சாயத்தைக் குற்றம் சொல்லும் முன் உங்கள் ஆல்கஹாலைப் பார்ப்போம். நான்கு படிகளில் மூன்று படிகள் பொறுத்துக்கொள்ளும்: கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், கடைசியில் சாஃப்ரனின். பத்து நொடி முன்னே பின்னே ஆனாலும் பெரிய கேடில்லை. நடுவில் வரும் ஆல்கஹால் மட்டும் பொறுக்காது.

தடித்த சுவர் உள்ள பாக்டீரியாவில், ஊதாச் சாயமும் அயோடினும் சேர்ந்த பெரிய கூட்டுப்பொருள் சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. ஆல்கஹால் பட்டதும் அந்தச் சுவர் நீரை இழந்து இறுகுகிறது, கதவு சாத்தியதுபோல. மெல்லிய சுவர் உள்ளவற்றில் வெளிச்சவ்வின் கொழுப்பு கரைந்து, சாயம் வெளியே ஓடிவிடுகிறது. ஆனால் ஆல்கஹாலை அதிக நேரம் விட்டால் இறுகிய சுவரிலிருந்தும் சாயம் வெளியேறிவிடும். பிறகு சாஃப்ரனின் எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நான் சொல்லித்தரும் முறை: வில்லையை (ஸ்லைடை) சாய்த்துப் பிடியுங்கள். ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக மேல்விளிம்பில் விடுங்கள். கீழ்விளிம்பில் சொட்டும் நீரைப் பாருங்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். முதலில் அடர் ஊதா, பிறகு வெளிர் ஊதா, பிறகு நிறமின்மை. நிறமற்ற முதல் சொட்டு விழுந்த கணத்திலேயே தண்ணீரால் கழுவிவிடுங்கள். பூச்சு தடிமனாக இருந்தால் இந்தக் கணம் ஏமாற்றிவிடும். அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து தெரியும் அளவுக்கு மெல்லியதாகப் பூசுங்கள். தீயில் அதிகமாகக் காட்டினாலும் சுவர் சிதையும்; வில்லையின் அடிப்பக்கம் உங்கள் புறங்கைக்குப் பொறுக்கும் சூட்டில் இருந்தால் போதும். இன்னொன்று: எத்தனை நாள் வளர்ப்பு? பழைய வளர்ப்பில் சுவர்கள் நலிந்து, ஊதாக்காரர்களே சிவப்பாகத் தெரிவார்கள். 18 முதல் 24 மணி நேர வளர்ப்பை எடுங்கள். அதே வில்லையின் இரு ஓரங்களில், நிச்சயம் ஊதா என்று தெரிந்த ஒன்றையும் நிச்சயம் சிவப்பு என்று தெரிந்த ஒன்றையும் பூசிவிடுங்கள். அவை இரண்டும் சரியாக வந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம்.

டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் இந்த முறையை வெளியிட்டபோது, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் பாக்டீரியாவைத் தெளிவாகக் காண்பதே அவர் நோக்கம். சில பாக்டீரியா நிறம் இழந்தது அவருக்குக் குறையாகத்தான் பட்டது. முறை இன்னும் குறைபாடு உடையது என்று தம் கட்டுரையிலேயே எழுதினார். அவர் மறைக்காமல் எழுதிய அந்தக் குறையைக் கொண்டுதான் இன்று மருத்துவர்கள், எந்த மருந்தைத் தொடங்குவது என்று முதல் சில மணி நேரத்தில் முடிவு செய்கிறார்கள். உங்கள் நான்கு வாரச் சிவப்பு வில்லைகளையும் தூக்கி எறியாதீர்கள்; தேதியும், ஆல்கஹால் விட்ட நேரமும் எழுதி வையுங்கள்.

கேள்வி: ரத்தத்தைப் பார்த்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இந்தப் படிப்பை விட்டுவிட வேண்டுமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

விட வேண்டாம். முதலில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, பிறகு சட்டென இரண்டும் விழுவதால் மூளைக்குப் போகும் ரத்தம் ஒரு கணம் குறைகிறது. மனவுறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது ஒரு நரம்பு அனிச்சை. தலை லேசாவதுபோல் தோன்றிய உடனே தொடை, வயிறு, கைத் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 நொடி இறுக்கிப் பிடியுங்கள்; விடுங்கள்; அரை நிமிடம் கழித்து மறுபடி. ஐந்து முறை. தசை இறுகும்போது சிரை ரத்தம் இதயத்துக்குத் தள்ளப்படுகிறது, அழுத்தம் விழாமல் நிற்கிறது. முதலில் ஆபத்தில்லாத நேரத்தில், உட்கார்ந்தபடி பழகுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்து நிற்காதீர்கள், வெறும் வயிற்றோடு செய்முறை வகுப்புக்குப் போகாதீர்கள். ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னிடம் அப்படிச் சொன்ன ஒரு பெண்ணைக் கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இரண்டாம் பருவத்தில் அவளே முன்வரிசைக்கு வந்துவிட்டாள். ஆனால் ரத்தத்தைப் பார்க்காத நேரத்திலும் மயக்கம் வருகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வெங்காய வேர்நுனிச் செல் பிரிதல் செய்முறையில் எனக்கு நுண்ணோக்கியில் நீளநீளமான செல்கள் மட்டுமே தெரிந்தன. குரோமோசோம் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரையும்போல நானும் புத்தகத்தில் உள்ள படத்தைப் பதிவேட்டில் வரைந்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆனால் மனம் உறுத்துகிறது. இது தவறா?
— அறிவியல் பட்டப் படிப்பு மாணவி

தவறுதான் அம்மா. உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அதற்காக உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

1923இல் பெயின்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனித செல்லில் 48 குரோமோசோம்கள் என்று எழுதினார். அன்றிருந்த வில்லைகளில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தன. அவர் தம்மால் ஆனதைச் செய்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாப் பாடநூலும் 48 என்றே சொல்லிற்று. 1955 டிசம்பரில், சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவனும் நுரையீரல் செல்களை நன்றாக விரித்துப் பரப்பி எண்ணினார்கள். 46. மறுபடி எண்ணினார்கள். 46. அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். அந்தக் கட்டுரையில் ஒரு செய்தி வருகிறது. அதை வகுப்பில் வாசிக்கும்போதெல்லாம் கூடம் அமைதியாகிவிடும். வேறு மூவர் அதே 1955இன் வசந்த காலத்திலேயே கருவின் கல்லீரல் செல்களில் குரோமோசோம்களை எண்ணியிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப 46 வந்திருக்கிறது. 48 கிடைக்கவில்லையே என்று ஆய்வை நிறுத்திவைத்துவிட்டார்கள்.

அவர்கள் கண்ணும் சரி, வில்லையும் சரி. புத்தகத்தில் இருந்த எண் குறுக்கே நின்றது. 46 என்று உறுதிப்பட்ட பிறகு மூன்றே ஆண்டில், 1959இல், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் செல்லில் 47 இருப்பது வெளியாயிற்று. இயல்பான எண் எது என்று தெரியாமல், ஒன்று கூடுதலாக இருப்பதை யாரால் கண்டிருக்க முடியும்?

இனி உங்கள் வில்லைக்கு வருவோம். நீளமான செல்கள் தெரிந்தன என்றால் நீங்கள் வேரை மேலே தள்ளி வெட்டியிருக்கிறீர்கள். செல்கள் பிரிவது கடைசி ஒன்று, இரண்டு மில்லி மீட்டரில்தான். அதற்கு மேலே செல்கள் நீளத் தொடங்கிவிடுகின்றன. சாயத்தில் அடர்நிறமாகத் தெரியும் நுனியை மட்டும் எடுங்கள். நீர்த்த அமிலத்தில் இளஞ்சூட்டில் சில நிமிடம் வைத்தால் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை இளகும்; அதைச் செய்யாமல் நசுக்கினால் செல்கள் அடுக்காகவே கிடக்கும். மேலே மெல்லிய கண்ணாடியை வைத்து, தாளால் மூடி, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் உருண்டுவிடும். பத்து மடங்கு லென்ஸில் சதுரச் செல்கள் உள்ள இடத்தைத் தேடிப் பிடித்த பிறகே நாற்பதுக்கு மாறுங்கள். அப்போதும் பெரும்பாலான செல்கள் பிரியாத நிலையில்தான் இருக்கும். புத்தகத்தில் நான்கு கட்டங்களும் அழகாக வரிசையாக இருப்பது யாரோ பல வில்லைகளில் தேடி எடுத்துச் சேர்த்ததால்.

உங்களுக்குத் தெரிந்த நீள செல்களை அப்படியே வரைந்து, ‘பிரியும் செல் எதுவும் காணப்படவில்லை, வேர்நுனிக்கு மேலே வெட்டப்பட்டிருக்கலாம்’ என்று கீழே எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் தந்திருப்பேன். எல்லா ஆசிரியர்களும் தரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்; பதிவேட்டின் அழகைப் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கத்தை எதிர்த்து நான் பணியாற்றிய துறையில் பல ஆண்டுகள் வாதாடித் தோற்றிருக்கிறேன். அதற்கான பொறுப்பு எங்களுடையது, உங்களுடையது இல்லை. ஆனால் உங்கள் பக்கத்து இருக்கையில் செவிலியம் படிக்கும் பெண் இருக்கிறாளே, அவளை நினைத்துப் பாருங்கள். இன்று புத்தகப் படத்தைப் பார்த்து வரையப் பழகிய கை, மூன்று ஆண்டு கழித்து நோயாளியின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணாமல் கண்காணிப்பு அட்டையில் 18 என்று எழுதும். எண்ணியிருந்தால் அது 28 ஆக இருந்திருக்கும். அப்படி எழுதப்பட்ட ஓர் அட்டையை என் தந்தையின் கட்டிலடியில் நான் பார்த்திருக்கிறேன். மூச்சை நானே கடிகாரம் வைத்து எண்ணிவிட்டு, ஓடிப்போய் மருத்துவரை அழைத்து வந்தேன்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும். ஆசிரியரிடம் அனுமதி வாங்கி ஒரு வேர்நுனியை மறுபடி வெட்டுங்கள். கண்டதை அந்தப் பக்கத்தில் பென்சிலால் வரைந்து, எத்தனை செல்களைப் பார்த்தீர்கள், அவற்றில் எத்தனை பிரிந்துகொண்டிருந்தன என்று எண்ணி எழுதி, தேதி போடுங்கள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். ஒரு செல்லிலாவது அவை எண்ணும்படி விரிந்து கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.